கடல் பக்கம் விழுந்த நட்சத்திரம்

1957 தீபாவளி. காலை ஆறு மணிக்கு மலாக்காவில், காஜா பெராங் ரோட்டில் தெய்வநாயகம் வீட்டு வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. பட்டாசு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அல்ல. அந்த வீட்டில் பதினைந்து வருஷமாக வேலை செய்த பொன்னம்மா, தலையில் வைத்த எண்ணெய் காதோரம் வழிய, நடு ரோட்டில் நின்றாள்.

"பென்சூரி! திருடி!" என்று கத்தினார் தெய்வநாயகம். மலாக்கா செட்டிக் குடும்பம். வீட்டில் பேசுவது மலாய். கோபம் வந்தால் ஊருக்குப் புரியட்டும் என்று கொஞ்சம் தமிழும் வரும்.

சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் இன்ஸ்பெக்டர் சிவகாமசுந்தரி. போலீஸில் பெண்களை எடுக்க ஆரம்பித்தே இரண்டு வருஷம்தான். அவளைக் கண்டால் சிரிப்பவர்களே அதிகம். அதனாலேயே அவளுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

"முதல்ல அந்த அம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போங்க. தீபாவளி அன்னைக்கு ஒரு பொம்பளையை ரோட்டுல நிக்க வெச்சு என்ன வேடிக்கை?"

களவு போனது கெரோங்சாங். கெபாயாச் சட்டைக்குப் பித்தான் போலக் குத்திக்கொள்ளும் மூன்று தங்க ஊக்குகள். தெய்வநாயகத்தின் மனைவி மீனாச்சிக்குத் தாய்வீட்டுச் சீதனம்.

"நாலு மணிக்குக் கண்ணாடி மேசையில வெச்சேன்," என்றாள் மீனாச்சி. "எல்லாரும் பின்கட்டுல எண்ணெய் தேச்சுக் குளிச்சோம். நாலரைக்கு வந்து பார்த்தா, தாக் அடா. இல்ல."

"வீட்டுக்குள்ள யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. குளிக்காம வெளியில இருந்தது பொன்னம்மா ஒருத்திதான்."

பொன்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "நான் பின்வாசல்ல வெந்நீர் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கிட்டு இருந்தேன். உள்ளேயே போகல. அப்பதான் வானத்துல ஒரு நட்சத்திரம் விழுந்துச்சு மிஸ். தென்னை மட்டையெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கடல் பக்கமாப் போச்சு."

"வேற யார் பார்த்தாங்க?"

"அந்த நேரத்துல யார் பார்ப்பாங்க? தெருவே எண்ணெயும் சீயக்காயுமாக் கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சு."

பார்த்த ஒருவன் இருந்தான். அடுத்த வீட்டுக் கருணாகரன். டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். ரஷ்யாக்காரன் வானத்தில் செயற்கை நிலா விட்ட செய்தி வந்ததிலிருந்து அவனுக்குத் தலை நேராகவே நிற்பதில்லை. அந்த வாரம் விடியற்காலையில் எரிநட்சத்திரம் விழும் என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வெட்டவெளியில் கேமராவை மல்லாக்க வைத்திருந்தான்.

"நாலுல இருந்து நாலரை வரைக்கும் ஷட்டர் திறந்தே இருந்துச்சு மிஸ். நான் பக்கத்திலேயே நின்னேன், ஒரு அடி நகரல. பொன்னம்மா அண்டாகிட்ட இல்ல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதைப் பார்த்தேன்."

"நட்சத்திரம் விழுந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்க்காமலா? படமே பிடிச்சிருக்கேன். கழுவி எடுத்துட்டு வர்றேன்."

காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் மேசையில் படத்தை விரித்தான். தாள் இன்னும் ஈரமாக இருந்தது. கறுப்பு வானம். நட்சத்திரங்கள் நகர்ந்ததால் புள்ளிகள் எல்லாம் சிறு கோடுகளாகியிருந்தன. நடுவில் மூன்று கோடுகள் வரிசையாக. ஒரு பக்கம் எல்லாவற்றையும்விடத் தடித்த கோடு ஒன்று. அதற்கு நேர் எதிர்ப்பக்கமாக ஓடி மறைந்தது ஒரு நீண்ட வெள்ளைக் கீற்று.

"கொஞ்சம் மசமசன்னு இருக்கே?" என்றாள் சிவகாமசுந்தரி.

"அவசரத்துல எடுத்தது மிஸ். நெகட்டிவ் கண்ணாடி இன்னும் ஸ்டூடியோவுல காயுது. இது வடக்கு, இது தெற்கு. கீற்று போறது இந்தப் பக்கம், கடலுக்கு நேர் எதிரா, புக்கிட் காதில் ஊர்ப் பக்கம். நான் கண்ணால பார்த்தேன், படமும் அதையேதான் சொல்லுது."

சார்ஜண்ட் ராஜரத்தினத்துக்கு அது போதும். "கடலாம் கடல்! வானத்தையே பார்க்காதவ வானத்தைப் பத்தி அளக்கறா. கேஸ் முடிஞ்சது." பொன்னம்மாவை லாக்கப்பில் தள்ளினார்.

பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் ஒப்புக்குக் கருணாகரனின் வீட்டையும் ஸ்டூடியோவையும் துழாவினார்கள். இருட்டறை அலமாரியில் அடுக்கியிருந்த, இன்னும் படம் பிடிக்காத கண்ணாடி பிளேட் பெட்டிகளில் மட்டும் கை வைக்கவில்லை. வெளிச்சம் பட்டால் அத்தனையும் பாழ் என்று அவன் பதறியதும், ராஜரத்தினம் மரியாதையாகக் கையை இழுத்துக்கொண்டார்.

சிவகாமசுந்தரி லாக்கப் கம்பிக்கு முன்னால் நின்றாள். "ஏன் பொய் சொன்னீங்க?"

பொன்னம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய் முகத்தில் காய்ந்து பிசுபிசுத்தது. "நான் பார்த்ததைச் சொன்னேன். படத்துக்கு வாய் இருக்குன்னு நீங்க நினைச்சா, அதுகிட்டயே கேட்டுக்குங்க."

அந்தப் பேச்சு சிவகாமசுந்தரியைச் சுட்டது. திருடியிருந்தால் திசையைப் பற்றி எதற்கு இவ்வளவு பிடிவாதம்? புளுகுகிறவள் நட்சத்திரம் விழுந்தது என்று சொல்லி நிறுத்தியிருப்பாளே. மறுநாள் விடியுமுன் படத்தோடு அதே வெட்டவெளியில் போய் நின்றாள். மூன்று நட்சத்திரங்கள் நேர் உச்சியில். வானத்திலேயே பெரிய நட்சத்திரம் புக்கிட் காதில் பக்கம் சாய்ந்து மின்னியது. படத்தில் இருந்த தடித்த கோடு அதுதான். படத்தைத் தலைக்குமேல் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். பொருந்தவே இல்லை. ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கீற்று பெரிய நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கம்தான் ஓடியது. அப்படியென்றால் அது போனது கடலுக்கு. நேற்றெல்லாம் லாக்கப்பில் வைத்திருந்தோமே என்ற நினைப்பில், தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் பொங்கியது.

கடை திறந்ததும் ராஜரத்தினத்தை இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"கோர்ட்டுக்கு இன்னொரு பிரதி வேணும். என் கண் முன்னால எடுங்க."

கருணாகரனுக்கு உற்சாகம். சிவப்பு விளக்கில் கண்ணாடி நெகட்டிவை எடுத்தான். தாளோடு சேர்த்து வைத்தான், வெளிச்சம் காட்டினான், கழுவினான். வெளியே வந்ததும் அவள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதுப்படம் ஊசி முனையாகத் தெளிவாக இருந்தது. ஆனால் எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தது.

"ஏன் ரெண்டும் மாறி இருக்கு?"

"அதுவா?" அவன் சிரித்தான். தொழில் பெருமை அவனைப் பேச வைத்தது. "கண்ணாடியில மருந்து பூசின பக்கத்தைத்தான் தாளோடு ஒட்டி வெக்கணும் மிஸ். நேத்து மருந்து காயல, ஒட்டிக்கும். அதனால மருந்து இல்லாத பக்கத்தை வெச்சு எடுத்தேன். அதான் மசமசன்னு, இடம் வலமா…"

பேச்சு அப்படியே நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"முடிங்க," என்றாள் அவள். "ஆள் படமா இருந்தா சட்டைப் பித்தான் பக்கம் மாறிக் காட்டிக் கொடுத்திருக்கும். நட்சத்திரத்துக்குப் பித்தான் இல்ல. நேத்து நீங்க கொண்டு வந்தது இடம் வலம் மாறின படம். சரியான படம் இதுதான். கீற்று கடல் பக்கம் போகுது. பொன்னம்மா சொன்ன அதே பக்கம்."

"திசை குழம்பியிருக்கும் மிஸ். இருட்டு…"

"கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்க. கை நீட்டிக் காட்டினீங்க. அந்த நட்சத்திரத்தை நீங்க பார்த்தது வானத்துல இல்ல, தாள்ல! கேமராவைத் திறந்து வெச்சா அது தானே படம் பிடிக்கும், ஆள் பக்கத்துல நிக்க வேண்டியதில்ல. தெருவே எண்ணெய்த் தலையோட குளிச்சுக்கிட்டு இருந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

அவன் கண் இருட்டறை அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

"அண்டாகிட்ட இருந்தவ அங்கேயேதான் இருந்தா. உள்ளே போனதைப் பார்த்தேன்னு நீங்க சொன்னது பச்சைப் பொய். உள்ளே போனது நீங்க. ஒரு ஏழைப் பொம்பளை தலையில அதைத் தள்ளிவிட உங்களுக்குக் கை கூசல!" அவள் ராஜரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "அந்தப் பெட்டிகளை எல்லாம் ரோட்டுக்குக் கொண்டு வாங்க."

"வெளிச்சம் பட்டா பாழாயிடும் மிஸ்!"

"பாழாகட்டும்!"

காலை வெயிலில், கடைத்தெரு பார்க்க, ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தாள். மூன்றாவது பெட்டியில் கறுப்புத் தாள் சுற்றி மூன்று தங்க ஊக்குகள் கிடந்தன. சிங்கப்பூரில் விற்றுப் பெரிய லென்ஸ் வாங்க நினைத்தானாம். ராஜரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு விலங்கை எடுத்தார்.

பத்து மணிக்குப் பொன்னம்மா வெளியே வந்தாள். சிவகாமசுந்தரியே அவளை காஜா பெராங்குக்கு அழைத்துப் போனாள். தெய்வநாயகம் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மீனாச்சியின் கையில் புதுச் சேலை.

"சூடாலா பொன்னம்மா," என்றார் அவர். "போனது போகட்டும். உள்ளே வா."

பொன்னம்மா கேட்டைத் தாண்டவில்லை. "உள்ளே வெச்சா திருடின்னு சொன்னீங்க? ரோட்டுல வெச்சுத்தானே சொன்னீங்க. அங்க வந்து சொல்லுங்க."

தெய்வநாயகம் மனைவியைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. நடு ரோட்டுக்கு வந்து, "பொன்னம்மா எடுக்கல," என்று முணுமுணுத்தார்.

"எனக்கே கேக்கல."

"புக்கான் டியா! பொன்னம்மா திருடல!"

ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டார் எச்சில் கையோடு வாசலுக்கு வந்தார்கள். பொன்னம்மா அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"நீங்க, மிஸ்?"

சிவகாமசுந்தரிக்குக் காது சூடாகியது. சட்டை, தொப்பி, அதிகாரம் எல்லாம் ஒரு நொடி கனத்தது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இந்த அம்மா பொய் சொல்லல," என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "நான்தான் நம்பல. தப்பு என்னுது."

பொன்னம்மா தலையை ஒருமுறை ஆட்டினாள். மீனாச்சி நீட்டிய சேலையைத் தொடாமல், முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.