அவள் இங்கே வரவில்லை

பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே விளக்கெண்ணெய் வாடை இன்னாசியம்மாளின் முகத்தில் அடித்தது. பாட்டிலை அவள் போன வாரமே கொல்லைக் குழியில் கவிழ்த்துவிட்டு, சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவியிருந்தாள். நர்ஸ் அறையில் டெட்டால் வாடை இருக்கலாம், அயோடின் இருக்கலாம். இதற்கு இங்கே என்ன வேலை? ஜன்னலைத் திறந்தாள். பகல் இரண்டு மணி வெயில். புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பக்கத்து வகுப்பில் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்த வாய்ப்பாடும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

கீரனூர்ச் சாலையில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கு ஐம்பத்தாறில் நர்ஸாக வந்தவள் அவள். விழுந்து வந்தால் கட்டு, சிரங்குக்குக் களிம்பு, காய்ச்சலுக்கு மாத்திரை. வயிற்று வலிக்கு மட்டும் தனிச் சட்டம். பரீட்சை வாரத்தில் வயிறு வலிக்கிறது என்று எவள் வந்தாலும் ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெய். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். இரண்டே வருஷத்தில் வயிற்று வலி பள்ளியை விட்டே ஓடிப்போனது. "நம்ம நர்ஸ் கில்லாடி!" என்று தலைமையாசிரியை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கேட்டு இவளுக்கும் உச்சி குளிர்ந்தது. தூ, வெட்கங்கெட்ட ஜென்மம்!

ஏழாம் வகுப்பு செவந்தி வந்ததும் அப்படியொரு பரீட்சை நாளில்தான். சாப்பாட்டு இடைவேளை, தனியாக, வலது பக்கம் குனிந்துகொண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் பேதி மருந்து கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் படிப்பிலேயே இவள் தலையில் குட்டிச் சொல்லியிருந்தார்கள். தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்து கணக்குப் பரீட்சை, நடிக்கிறாள் என்று நினைத்து மூக்கைப் பிடித்து ஊற்றினாள். மறுநாள் காலை, குடல் வெடித்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டு வண்டியிலேயே பிள்ளை போய்விட்டது. "உங்ககிட்ட வந்தாளா?" என்று தலைமையாசிரியை கேட்டபோது இவள் வாய் முந்திக்கொண்டது.

"வரவே இல்லைங்க, மேடம்."

யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை.

மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் கட்டில் முனகியது. பல்லி கில்லி ஓடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்த் திரையை விலக்கினாள். யாரும் இல்லை. ஆனால் காலையில் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த வெள்ளைத் துணி நடுவில் குழிந்து, முழங்காலை மடக்கி ஒரு சின்ன உடம்பு புரண்ட தடத்தோடு கிடந்தது. கை வைத்தாள். காய்ச்சல்காரியின் நெற்றியைப் போலச் சுட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நர்சம்மா..."

தூக்கிவாரிப் போட்டது. வாசலில் செவந்தியின் அப்பா நல்லதம்பி. குன்றாண்டார்கோவில் பக்கத்தில் கடலை விவசாயம் பார்க்கிற மனுஷர். தோளில் துண்டு, எட்டு நாள் தாடி.

"வாங்க. உக்காருங்க."

"உக்கார வரலைங்க. ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிருறேன்." உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னக்கி ராத்திரி எம்மக துடியா துடிச்சா. வண்டியக் கட்டுறேன் ஆத்தான்னேன். வேணாம்ப்பா, நர்சம்மா மருந்து குடுத்திருக்காங்க, சரியாயிரும்னா. அத நம்பித்தான் விடியட்டும்னு இருந்துட்டேன். இங்க வந்தா, அவ வரவே இல்லங்குறாக. செத்துப்போற நேரத்துல எங்கிட்டப் பொய் சொன்னாளா? அந்தக் கோவத்துல அவ பேருக்கு ஒரு வெளக்குக்கூட நான் ஏத்தலைங்க." துண்டை முறுக்கினார். "பொய்யே பேசாத புள்ள. நீங்க சொல்லுங்க. வந்தாளா, வரலையா?"

ஒரு வார்த்தை. வந்தாள் என்றால் போதும், அந்தப் பிள்ளை மேல் விழுந்த பழி போய்விடும். இன்னாசியம்மாள் வாயைத் திறந்தாள்.

நல்லதம்பியின் முதுகுக்குப் பின்னால் செவந்தி நின்றாள்.

நீலப் பாவாடை. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. வலது பக்கம் குனிந்து, வயிற்றைப் பிடித்தபடி. அப்பாவைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தாள். பயமுறுத்துகிற பார்வை இல்லை அது. சாட்சி சொல்லுங்கள் என்று கேட்கிற பார்வை.

வேலை போகும். ஜெயிலுக்குப் போக வேண்டி வரும். ஊர் காறித் துப்பும்.

"வரலைங்க."

நல்லதம்பி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப பொய்தான். சரிங்க, வாரேன்."

அவர் படியிறங்கினார். செவந்தி பின்னாலேயே ஓடினாள். துண்டின் நுனியைப் பிடிக்கக் கை நீட்டினாள். நிலைப்படியில் நின்றுவிட்டாள். கால் தாண்டவில்லை. திரும்பினாள். இப்போது அந்த முகத்தில் எந்தக் கேள்வியும் இல்லை.

இன்னாசியம்மாள் ஜன்னலுக்குப் பாய்ந்தாள்.

"ஐயா! வந்தாளுங்க! இங்கதான் வந்தா! நாந்தான் எண்ணெய் ஊத்துனேன்! உங்க மக பொய் சொல்லலைங்க!"

தொண்டை கிழியக் கத்தினாள். பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. தண்ணீர்க் குடத்தோடு இரண்டு மாணவிகள் ஜன்னலை ஒட்டிப் போனார்கள். கத்தினாள். ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். "நர்சம்மாவ எங்கடி காணோம்?" என்றாள். போய்விட்டார்கள்.

வாசலுக்கு ஓடினாள். நிலைப்படி. கால் தாண்டவில்லை.

மறுபடியும் கத்தினாள். தன் குரல் தன் காதிலேயே விழவில்லை.

பின்னால் கட்டில் முனகியது. திரை விலகியிருந்தது. செவந்தி முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மெல்ல, வலியோடு நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் இன்னோர் ஆள் படுக்க இடம் விட்டாள்.