நெல்லென்று சொன்ன பாட்டு

றுகையாவின் பாட்டு வானொலியில் உள்ளூர்க் கவிஞர் மசூரின் பெயரில் ஒலிபரப்பாகி மூன்று மாதமாகிவிட்டது. இப்போது அவள் அனுப்பிய அடுத்த பாட்டும் திரும்பி வந்திருந்தது. ‘மசூரின் மெட்டைக் களவெடுத்து எழுதியது. இனி அனுப்ப வேண்டாம்.’

“பாட்டுப் பறிகுடுத்தவ நான். கள்ளியும் நான்தானாம். இனி என்ட ஒரு பாட்டையும் எடுக்கமாட்டாங்க, காக்கா,” என்று, அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் அப்துல் ஹமீட்டிடம் கடிதத்தை நீட்டினாள்.

அப்துல் ஹமீட் கல்முனை நீதிமன்றத்தில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறத்தியார் பொய்யை மூன்று மொழியில் தன் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனிதர். ஓய்வுக்குப் பிறகு அவர் ஆசைப்பட்டது பகல் தூக்கம் ஒன்றுக்குத்தான். அதையாவது விடுவானா, ரேடியோ திருத்தும் பதியுதீன்? ஊரில் ஒரு சிக்கல் என்றால் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான். இன்றைக்கும் அவன்தான்.

“மெட்டு எங்கால வந்த புள்ள?”

“உம்மாட தாலாட்டில கொஞ்சம் எடுத்து நீட்டின. சொல்லு முழுக்க என்ட. போன நோம்புக்குள்ள, திருத்தித் தாங்க எண்டு மசூர் காக்காக்கிட்ட கொப்பியக் குடுத்த.”

“குடுத்தத ஆரும் கண்டாங்களா?”

“இல்ல.”

சாட்சியில்லாத வழக்கு. ஹமீட் பெருமூச்சோடு சட்டையை மாட்டினார்.

தன் புடவைக்கடையில் மசூர் மூவரையும் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். கோபப்படவேயில்லை. “சொல்லு என்ட. மெட்டு ஒருத்தர்ரதுமில்ல. சூடு மிதிச்சு நெல்லுப் பிரிக்கக்குள்ள எங்கட வாப்பா களவெட்டியில பாடின பாட்டு. இந்தப் புள்ளைக்கும் எங்கயாவது காதில விழுந்திரிக்கும்.” அந்த மெட்டில் தகப்பன் பாடியதை அவர் சொல்லச் சொல்ல எழுதியதென்று ஒரு பழைய கொப்பியை விரித்தார்.

‘நெல்லு குவியுது களவெட்டி நிறைய
நில்லு நிலாவே நில்லு’

பதியுதீனின் முகம் சுருங்கியது. “ஊர்ப்பாட்டெண்டா ஆரும் எடுக்கலாந்தானே, காக்கா.”

“ஓம், எடுக்கலாம்.” ஹமீட் இன்னொரு தரம் வாசித்தார். “வாப்பா களவெட்டியில நிண்டு பாடினதேதானா?”

“அல்லாஹ் அறிய.”

“நீங்க அங்க நிண்டிரிக்கீங்களா?”

“எங்க? சின்னதிலயே கடையில போட்டிட்டாரு.”

ஹமீட் கொப்பியை மூடினார். “களவெட்டிக்குள்ள நெல்ல நெல்லெண்டு சொல்றல்ல, மசூர். பொலி எண்டுதான் சொல்ற. நெல்லெண்டா விளைச்சல் குறைஞ்சிருமெண்டு பயம். நம்மடாக்களும் அப்பிடித்தான், தமிழாக்களும் அப்பிடித்தான். வாய் தவறினா வயல்காரப் போடியாரு ஏசி வெளிய அனுப்பிருவாரு. நெல்ல எடுத்திட்டுப் பொலியப் போட்டா எதுகையே போயிரும். இது கடையில இருந்து கட்டின பாட்டு.”

ஹமீட் கொப்பியை மசூர் பக்கம் தள்ளினார்.

“மெட்டு இரவல் வாங்கிற குத்தமில்ல. இந்தப் புள்ளையும் வாங்கினதான். ஆருட்ட எண்டு கேட்டோடன சொல்லிச்சு. உண்மையில வாப்பாட பாட்டெண்டா நீங்க எதுக்கு ஒண்டக் கட்டி மவுத்தாகி மண்ணுக்குள்ள கிடக்கிறவர்ர தலையில வச்சீங்க?”

“வருதில்ல காக்கா,” என்றார் மசூர், மெதுவாக. “அஞ்சு வருஷமா ஒரு நல்ல வரியும் வருதில்ல. ஊரெல்லாம் கவிஞரே, கவிஞரே எண்டுது.”

பொய்யைப் பிடித்த சந்தோஷம் ஹமீட்டுக்குத் துளியும் இல்லை. ஐயோ பாவம் என்றுதான் இருந்தது.

“பாட்டத் தா எண்டு கேட்டிருந்தா தந்திருப்பனே,” என்றாள் றுகையா.

மசூர் கடிதத்தாளை எடுத்தார். வானொலி நிலையத்தின் விலாசத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தார். “இரவல் வாங்கின எண்டு எழுதட்டா, தங்கச்சி?”

றுகையா கண்ணைத் துடைத்தாள்.

“இல்ல காக்கா. களவெண்டு எழுதுங்க. எனக்கு அவங்க அப்பிடித்தானே எழுதினாங்க.”