இரண்டாம் நாள்

மாலை 4:52. சாமி அறைக் கதவு திறந்து மூடியதாகச் சுவரிலிருந்த செக்யூரிட்டி பேனல் காட்டியது.

ப்ரியம்வதா மாடிப்படியில் நின்றுவிட்டாள். வீட்டில் அவள் மட்டும்தான். கணவர் சுந்தரராமன் வேலையாக டல்லாஸில். பிள்ளை காலேஜ் ஹாஸ்டலில். அவளுக்கு இது இரண்டாம் நாள். மாதத்தில் அந்த மூன்று நாளும் அவள் சாமி அறைப் பக்கம் போவதில்லை. அவர் அனுமதிப்பதில்லை. காலையில் போனில், "ரெண்டாம் நாள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். இதையெல்லாம் அவர் கேட்டு வைத்துக்கொள்கிறவர் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த அறைக்கு இரும்புக் கதவு போட்டார்கள். ஜன்னலில்லாத அறை அது ஒன்றுதான், ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ள அதுவே சரி என்றது செக்யூரிட்டி கம்பெனி. வீடு முழுக்கப் பதினாறு கேமரா. சாமி இருக்கிற இடத்தில் கேமரா வேண்டாம் என்று அங்கே மட்டும் தடுத்தவள் அவள்தான்.

அவர் கம்பெனி மருந்துச் சோதனையில் எண்களை மாற்றிய வழக்கில், வரும் திங்கட்கிழமை அவள் சாட்சி. உள்ளதைத்தான் சொல்வேன் என்று அவள் சொன்ன மறுவாரம் அவர் காவலுக்கு ஆள் வைத்தார். "உனக்காகத்தான்," என்றார்.

கீழே இறங்கினாள். பனி விழும் வெளிச்சம் கண்ணாடிகளில் சாம்பலாக இருந்தது. ஹீட்டர் ஒருமுறை இருமி அடங்கியது. ஹாலில் எப்போதும் இருக்கும் கற்பூர வாசனையோடு இன்று வேறொன்றும் கலந்திருந்தது, ஈரமான தோலின் வாசனை, மழையில் நனைந்த பெல்ட் மாதிரி.

காவலுக்கு இருக்கும் ஷாந்தனைப் போனில் கூப்பிட்டாள். டீ குடிக்க உள்ளே வரும்போதெல்லாம் பூட்ஸைக் காரேஜிலேயே கழற்றிவிட்டு வருகிறவன். போன வாரம் இடது பூட்ஸின் கயிறு அறுந்தபோது அவள்தான் ஒரு வெள்ளைக் கயிறு தேடிக் கொடுத்தாள்.

"அக்கா, பின்பக்கம் ஆரோ நிக்கினம் போல. சாமி அறைக்குள்ள போங்கோ. நான் கேட்டடியிலதான் நிக்கிறன்." மெல்லப் பேசினான்.

"அந்தக் கதவுதான் ஷாந்தன், இப்போ..."

வைத்துவிட்டான்.

உடனே சுந்தரராமன் அழைத்தார். "ஷாந்தன் சொன்னான். உள்ள போய்க் கதவை மூடிக்கோ."

"இன்னைக்கு எப்படிங்க?"

"பரவாயில்ல. போ."

பத்தொன்பது வருடத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன் புயல் எச்சரிக்கை வந்த இரவிலும் அவரும் பிள்ளையும் சாமி அறையில் இருந்தார்கள். இவள் காரேஜில் உட்கார்ந்திருந்தாள்.

போனைக் காதிலிருந்து எடுத்தாள். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கேட் கேமராவைத் திறந்தாள்.

ஷாந்தனின் கார். விளக்கு எரிகிறது. ஓட்டுநர் இருக்கை காலி. பனியில் காலடித் தடங்கள், காரிலிருந்து வீட்டை நோக்கி. திரும்பிப் போன தடம் இல்லை.

"ப்ரியா? உள்ள போயிட்டியா?" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஹாலின் கோடியில் இரும்புக் கதவு. சத்தமில்லாமல் நகர்ந்தது. ஒரு விரல் அகலம். பிறகு ஒரு கை அகலம்.

உள்ளே இருட்டு. தரையில் அவள் போட்ட கோலம். அதன்மேல் ஈரம்.

பூட்ஸ். இரண்டும்.

இடதில் வெள்ளைக் கயிறு.

அவள் போனை மெல்லக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"என்னங்க, இன்னைக்கு நான் இந்த அறைப் பக்கம் வரமாட்டேன்னு தெரிஞ்சுக்கத்தான் காலைல நாள் கேட்டீங்களா?"