மாடுகளுக்கு ஐந்து மணிச் சாப்பாடு

பள்ளிப் பேருந்துக்காக வாசல் கேட்டுக்குக் கிளம்பிய டெல்லா, பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

மேய்ச்சல் நிலத்தின் நடுவே அப்பாவின் பிக்கப் வண்டி, காற்றாலைக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கை காலி. வண்டியைச் சுற்றி நாற்பது கறுப்பு மாடுகள். பின்னால் அடுக்கியிருந்த புல்கட்டுகளை அவை இஷ்டத்துக்கு உருவித் தின்றுகொண்டிருந்தன.

“அப்பா!” என்று கத்திக்கொண்டே அவள் பனியில் ஓடினாள்.

அப்பா ஆர்லன் அந்தப் புல்கட்டுகளின் மேல்தான் இருந்தார். தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் ஒட்டியிருந்த புல்லை ஒரு மாடு மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் தனியாகத் தீவனம் போடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். வண்டியை முதல் கியரில் போட்டு, அது பாட்டுக்கு ஊர்ந்து போக விட்டுவிட்டு, பின்னால் ஏறிப் புல்லை உதறிப் போடுவார்கள். ஆனால் அப்படிப் போடும்போதே யாரும் தூங்கியதில்லை.

டெல்லா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எழுந்திருங்கப்பா! வண்டி தொட்டில போய் முட்டியிருக்கு!”

அப்பா கண்ணைத் திறந்தார். இரண்டும் சிவந்திருந்தன. “எந்த மாடு? கன்னு போட்டுடுச்சா?”

“ஒரு மாடும் போடல. நீங்கதான் தூங்கிட்டீங்க.”

அதற்குள் மஞ்சள் பேருந்து கேட்டில் நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. பள்ளிக்கூடம் முப்பது மைல் தள்ளி இருந்தது. அன்று டெல்லாவுக்கு விடுமுறை என்று ஆகிவிட்டது.

வீட்டில் அம்மா ஜோலின், இடது கையால் காபி ஊற்றினாள். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. போன மாதம் ஒரு மாடு கேட்டை இடித்துத் தள்ள, கேட் அவள் கையில் மோதிவிட்டது. அன்றிலிருந்து எல்லா வேலையும் அப்பா தலையில்தான்.

அதுவும் கன்று போடும் காலம். வெளியே எலும்பை நடுக்கும் குளிர். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, டார்ச் விளக்கோடு போய் ஒவ்வொரு மாட்டையும் பார்க்க வேண்டும். மூன்று வாரமாக அப்பா ஒரு ராத்திரிகூடச் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அலாரம் அடித்தது அவர் காதில் விழவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது, பிறந்த கன்று ஒன்று பனியில் விறைத்துக் கிடந்தது. அன்று முழுவதும் அப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

“இன்னும் எத்தனை பாக்கி?” என்று அம்மா கேட்டாள்.

“பதினெட்டு. அதுல நாலு தலையீத்து” என்றார் அப்பா. கோப்பையைப் பிடித்தபடியே அவர் தலை தொங்கிவிட்டது.

முதல் கன்று போடப்போகும் அந்த நாலு கிடாரிகளில் ஒன்று பிஸ்கட். தாய் இல்லாமல் கிடந்த கன்றை, டெல்லாதான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். இறைச்சிக்காக வளர்க்கிற மாடுகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, காது எண்ணே போதும் என்பார் அப்பா. ஆனால் அவரும் அதை முப்பத்தொன்று என்று கூப்பிட்டதில்லை. பிஸ்கட்டின் கன்றும் அப்படி ஒரு ராத்திரியில் பிறந்தால்?

குளிர்பெட்டியின் மேல் ஒரு கட்டுப் புத்தகங்கள் தூசியோடு இருந்தன. மாவட்ட மாட்டுப் பண்ணை ஆலோசனை அலுவலகம் வருஷா வருஷம் அனுப்புகிறவை. டெல்லா நாற்காலி போட்டு ஏறி அவற்றை இறக்கினாள். மாடு இளைத்தால் என்ன செய்வது என்று இருந்தது. கன்றுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது என்று இருந்தது. அப்பாக்கள் களைத்துப்போனால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.

“ஆலோசனை அலுவலகம், கோவார் பேசறேன்” என்றது ஒரு பெண் குரல். “மாட்டுக்கு என்ன பிரச்சனை?”

“மாட்டுக்கு ஒண்ணும் இல்ல மிஸ். அப்பாவுக்குத்தான்.”

“அப்பாவுக்கு நான் ஊசி போட முடியாதேம்மா. என்ன ஆச்சுன்னு சொல்லு.”

டெல்லா எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் கோவார் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

“எத்தனை மணிக்குத் தீவனம் போடறீங்க?”

“காலைல ஏழரைக்கு.”

“அதைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாத்திப் பாருங்க. இருட்டற நேரத்துல தின்னுச்சுன்னா, நிறைய மாடுங்க பகல்லதான் கன்னு போடும்.”

“நிஜமாவா? ஏன் மிஸ்?”

“ஏன்னு மாடு இன்னும் எங்ககிட்ட தெளிவாச் சொல்லல” என்று அவர் சிரித்தார். “ஆனா பல பண்ணையில எண்ணிப் பார்த்திருக்காங்க. ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இன்னும் நல்லது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. தினமும் அதே நேரம், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. அப்பவும் ராத்திரி ஒண்ணு ரெண்டு வரும். ஒரேயடியா நின்னுடும்னு அப்பாகிட்ட சொல்லிடாதே.”

அப்பா ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் டெல்லா விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

“எங்கப்பா காலைலதான் போட்டார். அவரோட அப்பாவும் காலைலதான்.”

“அவங்க யாரும் தொட்டில போய் முட்டல, ஆர்லன்” என்றாள் அம்மா.

“நாள் பூரா மாரடிச்சிட்டு, அஞ்சு மணிக்கு மறுபடியும் புல்லைத் தூக்கச் சொல்றீங்களா? அப்போ என் கை எங்கே எழும்பும்?”

டெல்லா யோசித்தாள். அவர் சொல்வதும் நியாயம்தான். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அப்பா, காலைல வண்டி ஓட்ட உங்களுக்கு ஆளே இல்ல. நான் ஸ்கூலுக்குப் போயிடறேன். சாயங்காலம் நான் இருப்பேனே. நான் ஓட்டறேன், நீங்க புல்லை மட்டும் போடுங்க. அப்போ வண்டி எங்கேயும் போய் முட்டாது.”

அப்பா அவளையே பார்த்தார். அவளுக்குப் பத்து வயது. அந்த ஊர்ப் பிள்ளைகள் சொந்த நிலத்துக்குள் முதல் கியரில் வண்டி ஓட்டுவது யாருக்கும் அதிசயமில்லை. இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால் அவளுக்கு முன்னால் இருப்பது நன்றாகத் தெரியும்.

“அந்தக் கன்னு செத்தது என் தப்பு, டெல்லா” என்றார் அவர் திடீரென்று.

“உங்க தப்பு இல்லப்பா. உங்க தூக்கத்தோட தப்பு.”

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி. ரெண்டு வாரம் பார்ப்போம்.”

மறுநாள் காலை மாடுகள் கேட்டுக்கு வந்து காத்து நின்றன. புல் வரவில்லை. ஒன்று கத்தியது. பிறகு நாற்பதும் சேர்ந்து கத்தின. மூன்றாம் நாள் பக்கத்துப் பண்ணை மெர்வின் போன் செய்தார்.

“என்னய்யா ஆர்லன், உன் மாடுங்க எல்லாம் உண்ணாவிரதமா? இங்க வரைக்கும் புலம்பல் கேக்குது!”

அப்பா வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். பிறகு, பேருந்துக்குக் கிளம்பிய டெல்லாவிடம் அதை நீட்டினார். “இதை நீயே கொண்டு போ. வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது. அவசரத்துக்கு டிராக்டர் இருக்கு.”

சாவி அவள் சாப்பாட்டுப் பையில் பள்ளிக்கூடம் போனது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி ஊர்ந்தது. டெல்லா ஓட்ட, அப்பா புல்லை உதறிப் போட, மாடுகள் வரிசையாகப் பின்னால் வந்தன.

முதல் வாரம் மூன்று கன்றுகள் ராத்திரியில்தான் பிறந்தன. அப்பாவுக்குப் பேசக்கூடத் தெம்பில்லை. டெல்லாவுக்கு அழுகை வந்தது. தான் சொன்னது தப்பாகப் போய்விட்டதோ என்று இருந்தது. ஆனாலும் ஐந்து மணிக்கு அவள் தலையணைகளோடு வண்டியில் ஏறிவிடுவாள்.

இரண்டாவது வாரம் ராத்திரியில் ஒன்றே ஒன்று. பகலில் ஆறு. அப்பா அலாரத்தை ஒரே ஒரு தடவைக்கு மட்டும் வைத்தார். ஒரு நாள் காலையில் முகச்சவரம்கூடச் செய்துகொண்டார். அம்மா அதை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வியாழக்கிழமை டெல்லா பேருந்திலிருந்து இறங்கியபோது, வழக்கமாகக் கேட்டில் காத்திருக்கும் அப்பாவைக் காணவில்லை. அவள் கொட்டகைக்கு ஓடினாள்.

அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை சட்டை ஈரம். அவருக்கு எதிரே பிஸ்கட், ஒரு சின்னக் கறுப்புக் கன்றை நக்கு நக்கென்று நக்கிக்கொண்டிருந்தது. கன்று எழுந்து, ஆடி, விழுந்து, மறுபடியும் எழுந்தது.

“எப்பப்பா?”

“ரெண்டே கால் மணிக்கு.”

“ஐயோ! நான் அப்போ கணக்கு வகுப்புல இருந்தேனே!” டெல்லாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. இத்தனை பாடுபட்டது அவள். பார்க்கக் கிடைக்காமல் போனதும் அவளுக்குத்தான்.

“கன்னு உள்ளயே ஒரு காலை மடக்கிக்கிட்டு இருந்துச்சு” என்றார் அப்பா. “உள்ள கையை விட்டு, நேராக்கி இழுக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. கொஞ்சம் கண்ணசந்திருந்தா ரெண்டுமே போயிருக்கும்.”

அவர் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்.

“நான் முழிச்சிருந்தேன், டெல்லா.”

அவள் போய் அந்த ஈரச் சட்டையோடு அவரைக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு மட்டும் மாடுகளுக்குப் புல் கால் மணி நேரம் தாமதமாகப் போனது.