இடம் மாறிய ரத்தம்!

"ஐயோ... எம் புள்ள!"

கெங்கம்மாவின் அலறலில் ராயபுரத்துச் சந்தே விழித்துக்கொண்டது.

இருபத்தேழு நாள் குழந்தை. உதடு நீலம். நகம் நீலம். மூச்சு... இல்லை!

நீலம் என்றால் விஷம். அது சந்துக்கே தெரியும்.

கொடுத்தது யார்? அது கெங்கம்மாவுக்குத் தெரியும்.

பட்டம்மாள்! புருஷனின் தங்கை. பிள்ளை இல்லாத விதவை. விடியலில் குழந்தையின் நாக்கில் வசம்பு தடவியவள்.

"வயித்துக்கு நல்லது அண்ணி" என்றாளே... பாவி!

கெங்கம்மா பிராது கொடுத்தாள். போலீஸ் உடலை அறுத்துப் பார்க்க எடுத்துப் போனது. மூன்று நாள். பதில் இல்லை.

அவள் அழவில்லை. பட்டம்மாள் தூங்குவதைப் பார்த்தாள். தலை வாருவதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, மார்பில் கட்டிய பால் கல்லாய்க் கனத்தது.

நாலாம் நாள் மீன் குழம்பு வைத்தாள். அதில் அரளி விதை! கசப்பு தெரியாதிருக்கப் புளியும் உப்பும் தூக்கல்.

புருஷன் சுப்பராயன் துறைமுகத்தில் கரி சுமப்பவன். பொழுது சாய்ந்துதான் வருவான். வந்ததும் ஒரே பாட்டு... "இன்னாமே, உப்பே இல்ல!"

"பட்டு, நீ துன்னு. நான் டேசன் வரிக்கும் போய்ட்டு வரேன்."

"நீ துன்னலியா அண்ணி?"

"எனக்கு வயிறு ரொம்பிட்ச்சி!"

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் அருள்நாதன் காகிதத்தைப் பிரித்தார்.

"வெசம் இல்லம்மா."

"பொய்! புள்ள நீலமாப் பூட்ச்சே!"

"டாக்டர் எயுதிக்கீறாரு. நெஞ்சாங்கொலையிலர்ந்து கெளம்புற ரெண்டு பெரிய ரத்தக் கொயாவும் இடம் மாறி ஒட்டிகினு கீதாம். நல்ல ரத்தம் ஒடம்புக்கே போவல. அதான் நீலம். கருவுலயே வந்த கோளாறு. சீமையிலகூட வைத்தியம் கெடையாதாம்."

"அப்போ... வசம்பு?"

"அது இன்னா பண்ணும்? எம் புள்ளைக்கும்தான் தடவுறாங்க. அந்தப் பொண்ணு மேல கை வெச்சுடாதே தாயீ!"

கெங்கம்மா ஓடினாள்!

வாசலில் பட்டம்மாள். உயிரோடு! குழந்தையின் தூளித்துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொயம்பு... துன்னியாடி?"

"கோச்சுக்காதே அண்ணி. பால்குடி புள்ளைக்குக் கருமாதி கெடையாதுன்றாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. பதினாறு நாளு கவுச்சி தொடறதில்லன்னு கீறேன்..."

கெங்கம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். நாலு நாளாக வராத அழுகை வந்தது. இந்த நெஞ்சையா நிறுத்தப் பார்த்தேன்?

"சட்டி எங்கடி? கொட்டிடணும்!"

"கொட்றதா? கப்பல் வரலன்னு அண்ணாத்த அப்பவே வூட்டுக்கு வந்துட்ச்சே..."

உள்ளே விரல் சூப்பும் சத்தம்!

சுப்பராயன் காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தான்.

"இந்தாமே கெங்கா! கட்டிகினு ஆறு வருசத்துல இன்னிக்குத்தான் உப்பு சரியா கீது! இந்தக் கைப்பக்குவம் நான் சாவற வரிக்கும் மாறக்கூடாது... ஆமா!"