நெஞ்சோடு வைத்த துணி

துணியில் பால் வாசனை அடித்தது.

அடிக்கக் கூடாது. அவள் குழந்தை இன்னும் வாயால் ஒரு சொட்டுப் பால் குடித்ததில்லை. மாதம் நிறையாமல் பிறந்து, மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. உள்ளே போவதெல்லாம் ஊசி வழியாகவும் குழாய் வழியாகவும்தான். ஆனால் கணவன் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் துணியில், கடைவாயில் வழிந்து புளித்த பாலின் வாசனை இருந்தது.

துணி யோசனை நர்ஸுடையது. அவளுடைய பழைய நைட்டியில் கைக்குட்டை அளவுக்கு இரண்டு துண்டு. ஒன்று குழந்தையின் தலைமாட்டில் இருக்கும், இன்னொன்று அவள் நெஞ்சில். தினமும் கணவன் மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டும்.

"உங்க வாசனை அதுக்கு, அது வாசனை உங்களுக்கு. கண்ணை மூடி, துணியை மோந்துக்கிட்டு மூச்சை மெதுவா விடுங்கம்மா. மனசு லேசாகும், பாலும் வரும்."

மனசு லேசாகவும் இல்லை, கனக்கவும் இல்லை. ஆபரேஷனுக்குப் போட்ட ஊசி வயிற்றோடு நிற்காமல் நெஞ்சுக்கும் ஏறிவிட்டதுபோல எல்லாமே மரத்துக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் அவளைத் தைரியசாலி என்றார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பாலும் வரவில்லை. தாய்ப்பால் கிடைத்தால்தான் குழந்தை தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பம்ப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் புட்டியின் அடி நனையவில்லை.

வாசனை வேறாக இருந்தாலும் துணியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தாள். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாகப் பழுப்பாக இறங்கி, காலியாக நின்ற புதுத் தொட்டிலின் கம்பிகளைச் சுவரில் நீளநீளமாக வரைந்திருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது, மாடிவீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அந்தப் புளித்த வாசனை மூக்கிலிருந்து தொண்டைக்கும், தொண்டையிலிருந்து மார்புக்கும் மெல்ல இறங்கியது. பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

எழுந்தபோது துணி வைத்த இடத்தில் இல்லை. இடப்பக்கம் நகர்ந்து சுருண்டிருந்தது. அதன் ஒரு முனை ஈரமாகி, சப்பியதுபோலக் கூம்பியிருந்தது. ரவிக்கை நனைந்திருந்தது.

பால் ஏறிய புட்டியைப் பார்த்துக் கணவன் குதிக்காத குறை. குழந்தைக்கு அவன் வைத்த செல்லப்பெயர் சுண்டு. "பாத்தியா, சுண்டு வாசனைக்குப் பால் வந்துடுச்சு! செருப்பளவு இருந்துக்கிட்டு என்னா அதிகாரம்!"

அது சுண்டுவின் வாசனை இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் துணியை வாங்கிக்கொள்வார்கள். துணி போனால் பாலும் போய்விடும். நைட்டியிலிருந்து வேறொரு துண்டை வெட்டிக் கொடுத்தனுப்பிவிட்டு, பால் வாசனைத் துணியைத் தானே வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் அது வந்தது. முதலில் துணி லேசாக நகரும். பிறகு ஒரு சின்னக் கனம், இடப்பக்கம், சில்லென்று. பிறகு சத்தம். ச்... ச்... ச்... அவள் கண்ணைத் திறந்ததில்லை. பால் வந்தது, இடப்பக்கம் மட்டும். சுண்டுவுக்கு எடை ஏறியது.

"இனிமே நெஞ்சுல போட்டுக்கலாம்" என்று டாக்டர் சொன்ன அன்று, துணியைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன் குழந்தையைத் தொடும்போது அது தன்னோடு வர வேண்டாம்.

அவள் வீட்டுக்குப் போகும்போது ஒரு குழந்தை இருந்த, சுண்டுவுக்குப் பக்கத்துப் பெட்டி இப்போது காலியாக இருந்தது.

"இதுல இருந்த குழந்தை எங்க சிஸ்டர்?"

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது போயிடுச்சும்மா. அப்பத்தான் வாயில பால் குடுக்க ஆரம்பிச்சிருந்தோம். பெத்தவங்க எட்டிக்கூடப் பாக்கல. ஓயாம அழுதுச்சு. எனக்கு மனசு கேக்கல, உங்க துணியை எடுத்து அது பக்கத்துல வெச்சேன். உடனே அடங்கிடுச்சு. கடைசி வரைக்கும் அதை வாயில கவ்விக்கிட்டேதான் கிடந்துச்சு. அப்புறம் பாத்தா துணியைக் காணோம், உங்க வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போயிருக்காரு. தப்பா நினைச்சுக்காதீங்கம்மா."

"பரவாயில்ல சிஸ்டர்" என்றாள்.

சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, ரவிக்கையைத் தளர்த்தி, மேலே போர்வை போட்டார்கள். கணவன் செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றான். "கண்ணை மூடி, மூச்சை மெதுவா விடுங்க. குழந்தையைக் கொண்டுவரேன்" என்றாள் நர்ஸ்.

மூடினாள். மெஷின்கள் டிக் டிக் என்றன. மருந்து நெடி. உள்ளிழுத்தாள். விட்டாள். நெஞ்சில் கனம் இறங்கியது.

"ரொம்பச் சில்லுனு இருக்கே சிஸ்டர்."

"இருங்கம்மா." குரல் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. "இன்னும் வயரையே கழட்டல."

கண்ணைத் திறந்தாள். நெஞ்சில் ஒன்றுமில்லை. கனம் இருந்தது. அவளுடைய இடது கை, அவளைக் கேட்காமலே, ஒரு சின்ன முதுகைத் தாங்குவதுபோல வளைந்திருந்தது.

நர்ஸ் சுண்டுவைக் கொண்டுவந்தாள். "கையை எடுங்கம்மா."

கை வரவில்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே சுண்டுவை வலப்பக்கம் படுக்கவைத்துப் போர்வையை இறுக்கிக் கட்டினாள். சூடாக, பூவாக, அவள் குழந்தை. மரத்துக் கிடந்த நெஞ்சுக்குள் ஏதோ உடைந்து பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. கண் நிறைந்தது. பாசம் இடப்பக்கம்தான் வந்தது.

அப்போதுதான் பயந்தாள்.

"சுண்டு, இங்க பாருடா" என்றான் கணவன். "அட, அழறா பாருங்க சிஸ்டர்!"

ச்... ச்... ச்...

பால் சுரந்தது. ரவிக்கை நனையவில்லை.

சுண்டுவின் கை போர்வைக்கு வெளியே இருந்தது. தீக்குச்சி போன்ற விரல்கள் விரிந்து, காற்றில், இடப்பக்கம் நீண்டன. நின்றன. எதுவோ பிடித்ததுபோல ஒன்றாக நெருங்கி, நுனியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தன. சுண்டு கையை இழுத்துப் பார்த்தது.

கை திரும்பி வரவில்லை.