மூலப்படத்துப் புன்னகை

கீழமாத்தூர் அரண்மனையைப் படம் பிடித்த அன்று ஊர்க்காரர்களை யாரும் விரட்டவில்லை. அந்த வேலையைப் பல்லொளிப் பொறி பார்த்துக்கொள்ளும்.

சாதாரணக் கேமராவில் ஜன்னல் தெரிந்தால் மூலை இருண்டுவிடும். மூலை தெரிந்தால் ஜன்னல் வெளுத்துவிடும். பல்லொளிப் பொறி காலைமுதல் மாலைவரை, மங்கலாகவும் பளிச்சென்றும் ஓயாமல் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாகத் தெரியும் இடத்தை மட்டும் பொறுக்கி ஒரே படமாக்கும். வெயிலடிக்கும் ஜன்னல் கம்பியும் இருட்டு மூலையின் ஒட்டடையும் ஒரே தெளிவில் நிற்கும். இடையில் நடமாடியவை குப்பை, தள்ளிவிடும். அசையாமல் இருந்தவை கட்டடம்.

இதற்கு மூலப்படம் என்று பெயர். சட்டப்படி ஒரு கட்டடத்துக்கு ஒரே மூலப்படம். அதன்பின் காப்புக்கைகள் என்ற இயந்திரங்கள், அரண்மனையை என்றைக்கும் அந்தப் படத்தில் உள்ளபடியே வைத்திருக்கும். சட்டத்தை எழுதியவர் தொல்லியல் துறை இயக்குநர் பரஞ்சோதி. தான் எழுதியது தன்னையும் கட்டும் என்று நினைக்கிற அளவுக்கு அவர் தன்னைச் சாதாரண மனிதராகக் கருதியதில்லை.

படப்பிடிப்பன்று அவர் தர்பார் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். டில்லித் தலைமைப் பதவிக்கு அடிபோட்டுக்கொண்டிருந்த நேரம். மூலப்படத்திலேயே முகம் இருந்தால் யார் மறுக்க முடியும்?

"சார், அங்கன இருந்தியள்னா படத்துல விழுந்துருவியளே," என்றாள் பொறியை இயக்கும் எஸ்தர்.

"அதுக்குத்தானே இருக்கேன்."

"அசையாம இருந்தா பொறி உங்களையும் தூணுன்னு எடுத்துக்கிடும் சார். பொறவு கைங்க வந்து..."

"எனக்கே பாடம் நடத்துதியா? வெளிய கடல விக்கவன், பிள்ளையத் தூக்கிட்டு அலையுதவ, அதுங்கல்லாம் படத்துல நிக்காது. நிக்கத் தெரிஞ்சவன் நிக்கட்டும். போயி வேலயப் பாரு."

எஸ்தர் வேலையைப் பார்த்தாள்.

கொசு கடித்தது, கால் மரத்தது, பரஞ்சோதி அசையவில்லை. உதட்டில் ஒட்டவைத்த புன்னகை மாலைவரை கலையவில்லை. வாழ்நாளில் அவர் உருப்படியாக உழைத்தது அன்று ஒரு நாள்தான்.

படம் வந்தது. காதோரம் வழிந்த தலைச்சாயமும் சட்டையின் சாம்பார்க் கறையும்கூடத் துல்லியம். அவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம் அரசன் ஒருவன்.

காப்புக்கைகளைத் தொடங்கிவைக்கவும் அவரே வந்தார். அன்று சாயங்காலம் டில்லி விமானம். பொத்தானை அமுக்கிவிட்டு வாசல்வரை வந்தவரைத் தூணுக்குப் பின்னாலிருந்து நீண்ட இரண்டு கைகள் பதமாகத் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் வைத்தன. மூன்றாவது கை புதுச் சட்டையில், அதே இடத்தில், அதே அளவில் சாம்பார்க் கறை வைத்தது.

"எஸ்தர், இத நிறுத்து."

"படத்துல உள்ளத வெளிய எடுக்கணும்னா இயக்குநர் கையெழுத்து வேணுமே சார்."

"நான்தானே இயக்குநர். கொண்டா."

போட்டார். காட்சிப்பொருள் இட்ட கையெழுத்து செல்லாது என்று கைகள் திருப்பித் தந்தன. வேறு இயக்குநரைப் போடச் சொல்லி எஸ்தர் டில்லிக்கு எழுதினாள். இயக்குநர் ஒருநாளும் தவறாமல் பணியிடத்திலேயே இருப்பதால் பதவி காலியாகவில்லை என்று பாராட்டோடு பதில் வந்தது. தலைமைப் பதவிக்கு வேறொருவர் போய்விட்டார்.

கைகள் அவரை நன்றாகவே பராமரித்தன. காதோரம் சாயம் வழிய வைத்தன. படத்திலிருந்த தொப்பை குறையாதபடி வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டின. குப்பை என்று பொறி தள்ளிய ஊர்க்காரர்கள் உள்ளே வந்தார்கள், பார்த்தார்கள், வெளியே போனார்கள்.

"இது எந்த ராசா?" என்று கேட்டாள் இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒருத்தி.

"ராசால்லாம் இல்ல," என்றான் கடலைக்காரன். "படத்துல இருக்காம். அதான் போட்டு வச்சிருக்காவ."

அவள் கடலை வாங்கிக்கொண்டு அடுத்த தூணைப் பார்க்கப் போனாள். பரஞ்சோதி தேம்பித் தேம்பி அழுதார்.

மூலப்படத்தில் கண்ணீர் இல்லை. ஒரு கை மெல்லிய துணியால் அவர் கன்னத்தைத் துடைத்தது. இன்னொன்று இரண்டு விரல்களை அவர் உதட்டோரங்களில் வைத்து, படத்தில் இருந்த உயரத்துக்குத் தூக்கிவிட்டது.